நாற்பதில் முப்பத்தொன்று

கல்லூரி முன்பு வங்கியாக இருந்தது.
பணப்பெட்டக அறையில் இப்போது டிரம்ஸ்.
அரையடி கனத்தில் இரும்புக்கதவு;
உள்ளே இடியே விழுந்தாலும்
நடைகூடத்துக்கு ஒரு முனகல்தான் வரும்.
மொத்தம் அறுபத்துநாலு மாணவர்கள்.
பியானோவின் கட்டைகளே நம்மைவிட இருபத்துநாலு அதிகம்
என்று சேர்ந்த அன்றைக்கு வெண்டெல் சொன்னான்.
நாலு வருஷமாக அதையே சொல்கிறான்.

இசை படிக்கிறவர்கள் மேல்மாடியில்.
இசை சொல்லிக்கொடுக்கப் படிக்கிற நாங்கள் ஏழு பேர்
கீழே, கொதிகலன் அறைக்குப் பக்கத்தில்.
"ஓ, நீ அந்தப் பிரிவா?" என்பார்கள் லிஃப்டில்,
காலில் கட்டுப் போட்டவரை விசாரிக்கும் குரலில்.

செவ்வாய்தோறும் கருவிகளை மாற்றிக்கொள்வோம்.
தெரியாததை வாசிப்பதுதான் அன்றைய பாடம்.
பதினோரு வருஷம் டிராம்போன் ஊதிய உதடு
கிளாரினெட்டின் நாணல் சீவலுக்கு முன்னால்
பச்சைக்குழந்தை.
குழந்தைகூட இல்லை, வாத்து.
மரிசெல் வயலினைப் பிடிப்பது விறகு சுமப்பதுபோல.
புல்லாங்குழலில் வெண்டெல் காற்றை மட்டும் அனுப்புகிறான்,
ஜன்னல் இடுக்கில் ஜனவரி நுழையுமே, அப்படி.
ஏழு பேரும் சேர்ந்து எட்டு வரித் தாலாட்டு ஒன்றைக்
கொன்று, புதைத்து, தோண்டியெடுத்து,
மறுபடியும் கொன்றோம்.
அப்போது கொதிகலன் நீளமாய் ஒரு சுரம் பிடித்தது.
அன்று சுருதி சேர்ந்தது அது ஒன்றுதான்.

என் முறைக்கு வயலின் வந்தபோது
வில்லைத் தந்தியில் படவிடாமல்
மயிரிழை உயரத்தில் இழுத்துக்கொண்டிருந்தேன்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பியானோ தகுதித் தேர்வில் இரண்டு தடவை தோற்றாயிற்று.
என் இரண்டு கைகளும்
ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அக்கா தங்கை.
இரவில் பனிவாரி வண்டி ஓட்டுகிறேன், ஃபீஸ் கட்ட.
ஸ்டியரிங்கில் இடதுகையை மட்டும் பழக்குவேன்,
சுண்டுவிரல், நடுவிரல், கட்டைவிரல்,
வண்டியின் அலகு சாலையைச் சுரண்டும் தாளத்துக்கு.
சுப்பீரியர் ஏரி எங்கே என்று தெரியாது அந்நேரத்தில்.
இருட்டு கூடுதலாக இருக்கிற பக்கம் ஏரி.

மார்ச்சில் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.
ஐந்தாம் வகுப்பு. பத்தொன்பது பிள்ளைகள்.
யூலிதாலோ என்ற பெயர் வாயில் நுழையாமல்
முதல் நாளே என்னை மிஸ் யூலி ஆக்கிவிட்டார்கள்.
பின்வரிசையில் டாக்டர் ஹோல்ம்ப்ளாட்,
மடியில் இரண்டு ஸ்டாப்வாட்ச்.
ஒன்று நான் பேசும்போது ஓடும்.
மற்றது பிள்ளைகள் வாசிக்கும்போது.
மணியடித்ததும் தாளை நீட்டினார்.
பாராட்டில்லை, திட்டில்லை, கணக்கு:
நாற்பது நிமிடத்தில் நீ முப்பத்தொன்று. அவர்கள் நாலு.
மீதி ஐந்தும் நாற்காலி இழுத்த சத்தம்.

காருக்குள் உட்கார்ந்து யோசித்தேன்.
அவ்வளவு நேரம் என்னதான் பேசினேன்?
மூச்சு எடுப்பது எப்படி என்று
பத்தொன்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க
விளக்கியிருக்கிறேன்.

அடுத்த வியாழன்
வாயில் ஒரு இருமல் மிட்டாயை அடக்கிக்கொண்டு போனேன்.
கையை மட்டும் தூக்கினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
ரேடியேட்டர் டக் டக்கென்றது.
என் நாக்கு மிட்டாயைப் புரட்டி, புரட்டி,
ஒரே ஒரு அறிவுரைக்குத் தவித்தது.

மூன்றாம் வரிசை ஓடெட்டை எனக்குத் தெரியும்.
மூன்று வாரமாகக் கிளாரினெட்டில்
விரலை மட்டும் அசைக்கிறவள்.
மயிரிழை உயரம் என்பது
அதில் நின்றவர்களுக்குத் தெரியாதா?
அவளைப் பார்க்காமலிருக்க
தரையில் ஒட்டிய சூயிங்கத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் வந்தது,
வாத்து.
அசலாக என் செவ்வாய்க்கிழமை வாத்து.

வகுப்பு சிரித்தது. அவள் சிவந்தாள்.
சரி, முடிந்தது என்று நினைத்தேன்.
அவள் உதட்டை நக்கிக்கொண்டு
இரண்டாவது வாத்தை விட்டாள், வேண்டுமென்றே,
கொஞ்சம் நீளமாக.
டிரம்பெட் பையனொருவன் பதில் வாத்து சொன்னான்.
பிறகு ஒரு குளமே எழுந்து பறந்தது.

தூக்கிய கையை இறக்க மறந்து நின்றேன்.
பின்வரிசையில் டாக்டர் ஹோல்ம்ப்ளாட்
எந்தக் கடிகாரத்தை அழுத்துவதென்று புரியாமல்
கட்டைவிரலை உயர்த்தியபடி இருந்தார்.

பியானோ தேர்வு மறுபடியும் திங்கட்கிழமை.